விரலை வெட்டுமுன் பாதத்தைத் தொட்டுப் பார்: படுவான்கரையிலிருந்து வந்த ஒரு காலின் நிகழ்வு ஆய்வு

பங்குனி மாதத்து இரவு, பத்தரை மணி இருக்கும். சத்திரசிகிச்சை விடுதியில் கடமையில் இருந்தேன். எல்லாரும் படுத்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் கட்டில் ஓரத்தில் குந்தியிருந்து, இடது காலை மட்டும் கீழே தொங்கவிட்டபடி தூங்கி விழுந்துகொண்டிருந்தார். தாதி இரண்டு தடவை அந்தக் காலைத் தூக்கி மேலே வைத்துப் போர்வையும் போர்த்திவிட்டுப் போனதைப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் கால் திரும்பவும் கீழே வந்துவிடும்.

"ஏன் ஐயா, காலை நீட்டிப் படுக்கலாமே?"

"படுத்தா நெருப்பா எரியுது டொக்டர். தொங்கப் போட்டாத்தான் கொஞ்சம் அடங்குது. மறுகா தூக்கினா அதே வேலைதான்."

நோய் என்னவென்று அவர் இந்த இரண்டு வரியிலேயே சொல்லிவிட்டார். ஏழு வாரமாக இதே காலைக் காட்டிக்கொண்டு மூன்று இடம் போயிருக்கிறார். இரவில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் அனுமதிச் சீட்டு எழுதிய நானும் கேட்கவில்லை. "நீரிழிவுப் புண், இரத்த ஓட்டம் போதுமானது" என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். மறுநாள் காலை சத்திரசிகிச்சைத் தியேட்டர் பட்டியலில் இரண்டாவது பெயர் அவருடையது. இடது காலின் இரண்டாம் விரலை எடுக்க ஏற்பாடாகியிருந்தது.

அந்த இரவில் தொடங்கி ஏழு மாதம் வரை இந்தக் காலுக்கு என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கில் கை வைக்கவில்லை.

ஏழு வாரம், அதற்கு முன் இரண்டு வருஷம்

வயது 64. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வேளாண்மைக் கிராமம். 14 வருஷமாகச் சீனி வருத்தம், 9 வருஷமாகப் பிரஷர். இருபது வயதில் தொடங்கிய பீடி, நாளுக்கு ஒரு கட்டு. கிளினிக் கொப்பியில் சீனிக்கு மெற்போமினும் பிரஷருக்கு லோசாற்றனும் இருந்தன. கொலஸ்ட்ரோல் குளிசையை ஒரு வருஷத்துக்கு முன் தானாகவே நிறுத்தியிருக்கிறார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின் எழுதப்பட்டிருக்கவே இல்லை.

தை மாதக் கடைசியில், அறுவடை முடிந்த கையோடு, பெருவிரல் நகத்தைப் பிளேட்டால் சீவியிருக்கிறார். ஓரத்தில் தோல் வெட்டுப்பட்டது. சீனி வருத்தத்தால் உணர்ச்சி கெட்டு விறைத்த கால் என்பதால் வலிக்கவில்லை. முதல் வாரம் பரியாரியார் கொடுத்த எண்ணெய். இரண்டாம் வாரம் கிட்ட இருந்த வைத்தியசாலை ஒன்றில் நுண்ணுயிர் கொல்லியும், ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டுதலும். புண் பெருக்கவும் இல்லை, ஆறவும் இல்லை, அப்படியே நின்றது. ஐந்தாம் வாரம் பக்கத்து விரலின் நுனி கறுத்தது. "சீனி கூடினதால் ஆறவில்லை" என்று சொல்லி இன்சுலின் தொடங்கினார்கள். சீனி கூடித்தான் இருந்தது, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 9.8 சதவீதம். ஆனால் சீனி குறைந்த பிறகும் புண்ணில் ஒரு துளி முன்னேற்றம் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது என்று அந்த இடத்தில் யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

கதை உண்மையில் இரண்டு வருஷத்துக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. அன்றிரவு அவரோடு இருந்து கேட்டபோதுதான் வெளியே வந்தது. வருஷா வருஷம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர் அவர். இரண்டு வருஷத்துக்கு முன் உகந்தையில் முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இடது கெண்டைக்கால் கல்லுப்போல் இறுகியிருக்கிறது. நின்றால் இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடும். திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்பவும் பிடிக்கும். குமுக்கன் ஆற்றுக்குப் போய்ச் சேருமுன்னே கூட்டம் அவரை விட்டு முன்னால் போய்விட்டது. கூட வந்தவர்கள் வாதம் என்றார்கள், வயசு என்றார்கள். அடுத்த வருஷம் அவர் போகவில்லை. வயலுக்கும் மருமகனின் மோட்டார் சைக்கிளில் போகப் பழகிவிட்டார். நடை குறைந்ததும் வலியும் வரவில்லை. எல்லாரும் சுகமாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

நடந்தால் வந்து நின்றால் போகிற இந்தக் கெண்டைக்கால் வலிதான் காலுக்குப் போகும் நாடி சுருங்குவதன் முதல் அறிகுறி. நாடி என்று நான் இங்கே சொல்வது இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயை. நடக்கும்போது தசைக்கு இரத்தம் பல மடங்கு வேண்டும். சுருங்கின குழாய் அவ்வளவு கொடுக்காது. நின்றால் தேவை குறைந்துவிடும், வலியும் போய்விடும். முள்ளந்தண்டிலிருந்து வரும் கால்வலி இப்படி இல்லை. அதற்குச் சும்மா நின்றால் போதாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டிருந்தால் இரண்டு வருஷத்துக்கு முன்பே அஸ்பிரினும் கொலஸ்ட்ரோல் குளிசையும் தொடங்கி, பீடியை நிறுத்தச் சொல்லி, நடைப்பயிற்சியும் கொடுத்திருக்கலாம்.

அளவு சொன்ன பொய்

நான் ஏன் "இரத்த ஓட்டம் போதுமானது" என்று எழுதினேன்? பின்னேரம் கணுக்காலிலும் கையிலும் அழுத்தம் எடுத்தேன். கையில் 150, இடது கணுக்காலில் 165. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 1.1. அந்தக் குறியெண் 0.9க்குக் கீழே போனால் நாடி சுருங்கியிருக்கிறது என்பது பாடம். 1.1 வந்தவுடன் மனம் சமாதானமாகிவிட்டது. பாதத்தில் விரலை வைத்துத் துடிப்புப் பார்க்கவில்லை. எண் கையில் இருக்கும்போது விரல் எதற்கு என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்பு பிழை, அதற்கு நான்தான் பொறுப்பு.

நீண்டகாலச் சீனி வருத்தக்காரருக்கு நாடிச் சுவரின் நடுப்படையில் சுண்ணாம்பு படிந்து, குழாய் பி.வி.சி. பைப் மாதிரி விறைத்துவிடும். கணுக்காலில் கட்டுகிற காற்றுப்பட்டியால் அதை நசுக்க முடியாது. நசுங்காததால் அளவு ஏறித் தெரியும். உள்ளே இரத்தம் கொஞ்சமாகத்தான் ஓடினாலும் வெளியே 165 காட்டும். சிறுநீரக நோயாளரிலும் இப்படித்தான். இது புத்தகத்தில் உள்ள விஷயம். பரீட்சையில் கேட்டால் எழுதியிருப்பேன். கட்டில் பக்கத்தில் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை.

இரவு அவரைப் படுக்கவைத்து இடது காலைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பாதம் மெழுகுபோல் வெளிறிவிட்டது. பாதத்தின் மேல் ஓடும் நாளங்கள், அதாவது இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள், பள்ளமாகிக் கோடு விழுந்தன. பிறகு எழுப்பி இருத்திக் காலைத் தொங்கவிட்டதும் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அரை நிமிஷம் போல் கழித்து நிறம் மெல்ல இறங்கி வந்து, பாதம் முழுக்கச் செவ்வரத்தம்பூப்போல் சிவந்தது. இந்தச் சிவப்பைத்தான் இத்தனை நாளும் கிருமித்தொற்று என்று வாசித்திருக்கிறோம். தொற்றின் சிவப்பு காலைத் தூக்கினாலும் போகாது. இந்தச் சிவப்பு தூக்கினவுடன் வெளிறிப் போகும். பட்டினி கிடந்த சிறு குழாய்கள் எல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்க, புவியீர்ப்பால் கீழே இறங்குகிற இரத்தம் அதில் தேங்கி நிற்கிற நிறம் அது. படுத்தால் எரிவதும் தொங்கப்போட்டால் அடங்குவதும் இதனால்தான்.

கவட்டில் தொடை நாடி நன்றாகத் துடித்தது. முழங்கால் பின்புறத்தில் இல்லை. பாதத்தின் மேலே இல்லை. உட்கணுக்காலுக்குப் பின்னாலும் இல்லை. வலது காலில் முழங்காலுக்குப் பின்னால் இருந்தது, கணுக்காலில் மெல்லியதாக.

கால்விரலில் அழுத்தம் அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. கையடக்க டொப்ளரைக் கணுக்காலில் வைத்து இரத்தத்தின் ஒலியைக் கேட்டபடி காலை மெல்ல உயர்த்த வேண்டும். ஒலி நிற்கும் உயரத்தை இருதய மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். 13 செ.மீ. உயரம் ஏறக்குறைய 10 மி.மீ. இரச அழுத்தத்துக்குச் சமம். சுவர் எவ்வளவு விறைத்திருந்தாலும் இந்தக் கணக்குக்குக் கவலை இல்லை, ஏனென்றால் குழாயை நாம் நசுக்கவே இல்லை. தாதியின் கைப்பையில் இருந்த தையல் நாடாவை வாங்கினேன். வலது கையில் டொப்ளர், இடது கையில் அவருடைய குதிக்கால், நாடாவைத் தாதி பிடித்தார். "ஷூ... ஷூ..." என்று ஏற்கெனவே தட்டையாகக் கேட்ட ஒலி 48 செ.மீ. இல் நின்றது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 37 மி.மீ. இரசம். பட்டி சொன்னது 165, நாடா சொன்னது 37.

இரவு பதினொன்றரைக்குச் சத்திரசிகிச்சை நிபுணரை எழுப்பினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "சீழ் இருக்கா?" இல்லை என்றேன். கறுத்த விரல் காய்ந்திருந்தது, பாதத்தில் வீக்கமோ நாற்றமோ இல்லை, காய்ச்சலும் இல்லை. "அப்ப விரலைத் தொடாதே. காலையில் ஸ்கேன்."

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. சீழ் கட்டியிருந்தாலோ விரல் ஈரமாக அழுகியிருந்தாலோ இரத்த ஓட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றிரவே திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கால் மட்டுமல்ல, ஆளும் போய்விடுவார். சீழ் இல்லாத காய்ந்த விரல் என்றால் முறை தலைகீழ்: முதலில் இரத்தம், பிறகுதான் கத்தி. முழுசாக இருக்கும் தோல் உயிரோடிருக்கக் கொஞ்ச இரத்தம் போதும், வெட்டின காயம் ஆற அதைவிட எவ்வளவோ அதிகம் வேண்டும். அது இல்லாத இடத்தில் விரலை எடுத்தால் வெட்டின இடமே புதுப் புண்ணாகி, அடுத்த வாரம் பாதத்தில் பாதி, அதற்கடுத்த மாதம் முழங்காலுக்குக் கீழே என்று கத்தி மேலே மேலே ஏறும். விடுதியில் வேலை செய்த எல்லாரும் இதைப் பார்த்திருக்கிறோம். எங்கள் ஊர்ச் சனம் "விரலைக் கழட்டினாங்க, மறுகா காலைக் கழட்டினாங்க" என்று சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை.

அடைப்பு எங்கே

டொப்ளர் ஸ்கேனில் தொடை நாடியின் கீழ்ப்பாகம், முழங்காலுக்குச் சற்று மேலே, 7 செ.மீ. நீளத்துக்கு முழுதாக அடைத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே மூன்று நாடிகள் இறங்க வேண்டும். முன்னால் இறங்குவது முழுக்கப் போய்விட்டது. உட்கணுக்காலுக்குப் போகும் பின்புற நாடியில் இரண்டு மூன்று இடங்களில் கடும் சுருக்கம். நடுவில் இறங்குவது மட்டும் பரவாயில்லை. சீனி வருத்தத்துக்கு முழங்காலுக்குக் கீழ் நாடிகள்மேல் ஒரு குறி, பீடிக்குத் தொடை நாடிமேல் ஒரு குறி. இவருக்கு இரண்டும் சேர்ந்துவிட்டன.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின் 1.5, கெட்ட கொலஸ்ட்ரோலான எல்.டி.எல். 142. இருதய எக்கோவில் பம்ப் பண்ணும் சக்தி 50 சதவீதம். இவற்றையும் பார்த்தது காலுக்காக மட்டுமல்ல. கால் நாடி அடைத்தவர்களில் பெரும்பாலோர் சாவது காலால் அல்ல, மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும்.

வழி மூன்று. காலை வெட்டுவது; அடைப்பைச் சுற்றி இரத்தத்துக்கு வேறு வழி தைத்துவிடும் மாற்றுப்பாதைச் சத்திரசிகிச்சை; நாடிக்குள் பலூனை அனுப்பி விரிப்பது. மாற்றுப்பாதைக்கு அவருடைய சொந்தக் காலின் நீண்ட நாளம் ஒன்று நல்ல அகலத்தில் வேண்டும். அளந்து பார்த்தால் பல இடங்களில் 2 மி.மீ. கூட இல்லை. இதைப்பற்றி நிபுணர்களிடையே நீண்ட வாதம் உண்டு. 2022 இல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வு, நல்ல நாளம் முழுசாகக் கிடைக்கிறவருக்கு மாற்றுப்பாதையே மேல் என்றது. 2023 இல் வெளியான பாசில்-2 ஆய்வில், முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்குப் பலூன் வழியில் முதலில் போனவர்களே காலோடும் உயிரோடும் கூடுதலாகத் தப்பினார்கள். எனக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. நாளம் எப்படி, அடைப்பு எங்கே, ஆள் எவ்வளவு தாங்குவார் என்று ஒவ்வொருவரிலும் பார்க்கத்தான் வேண்டும். இந்த மூன்றையும் பார்த்தால் இவருக்குப் பலூன்.

வீட்டாரோடு

மனைவி, மகள், மருமகன். கட்டாரிலிருந்து மகன் வட்ஸ்அப்பில். என்னிடம் முதலில் கேட்டது மனைவி: "அந்தப் பலூனை உள்ளுக்கயே வச்சிருவாங்களா மகன்?" இது அநேகமாக எல்லாரும் கேட்கிற கேள்வி. இல்லை அம்மா, ஊதி, சுருங்கின இடத்தை விரித்து, காற்றிறக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். காற்று என்று பேச்சுக்குச் சொன்னாலும் உள்ளே போவது மருந்துச் சாயம் கலந்த உப்புநீர். வெடித்தாலும் காற்றுக் குமிழ் இரத்தத்தில் போகக் கூடாது என்பதற்காக அப்படி. பலூனும் பிள்ளைகள் ஊதுகிற றப்பர் பலூன் அல்ல. நைலோன் போன்ற உறுதியான படலம், 5 மி.மீ. என்றால் ஏறக்குறைய 5 மி.மீ. க்குத்தான் விரியும்.

மகன் கேட்டது வேறு: "செஞ்சா நிரந்தரமா சரியாகுமா டொக்டர்?" ஆகாது என்று சொன்னேன். விரித்த நாடி மாதங்களில் திரும்பச் சுருங்கலாம். ஆனால் எங்களுக்கு வேண்டியது புண் ஆறும்வரை இரத்தம். ஆறின தோலைக் காப்பாற்றக் குறைந்த இரத்தம் போதும். அந்தக் கால அவகாசத்தைத்தான் பலூன் வாங்கித் தருகிறது. உண்மையை இப்படி முன்னாலேயே சொல்லிவிட்டதால் பிறகு யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை.

ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கழட்டாம விடுவீங்கண்டா எங்க வேணுமெண்டாலும் வாறன்" என்றார்.

கொழும்பில்

இடம் கிடைக்க ஒன்பது நாள் போனது. அதற்குள் அஸ்பிரின், கொலஸ்ட்ரோலுக்கு அற்றோவஸ்ரற்றின், வலிக்கு மருந்து, விரல்களுக்கிடையே காய்ந்த துணி. கட்டிலின் தலைப்பக்கத்துக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம். கால் தாழ்ந்ததால் அவர் ஏழு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் படுத்துத் தூங்கினார். வெறும் இரண்டு செங்கல்.

அம்புலன்சில் நானும் போனேன். வாழைச்சேனை, வெலிகந்தை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். காலைத் தொங்கப்போட இடமில்லாமல் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. ஹபரணையில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, கால் மணித்தியாலம் காலைத் தொங்கவிட்டு இருக்கவைத்தோம். இந்தச் சிகிச்சை கிழக்கிலேயே தேவையான அளவுக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் சொல்வது அந்தக் கால் மணித்தியாலத்தை நினைத்துத்தான்.

இரத்தநாளச் சத்திரசிகிச்சை நிபுணர் ஈய அங்கி ஒன்றைத் தந்து உள்ளே நிற்கவிட்டார். மயக்க மருந்து இல்லை. கவட்டில் விறைப்பு ஊசி மட்டும். ஸ்கேனில் பார்த்துத் தொடை நாடியை ஊசியால் குத்தி, ஊசிக்குள்ளால் வயர், வயரின் மேலால் 2 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய். ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர் 1953 இல் எழுதிய முறை, இன்றும் அதேதான். இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் 5000 அலகு. சாயத்தை உப்புநீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், சிறுநீரகத்துக்காக. முதல் நாள் இரவிலிருந்தே சேலைனும் ஏறிக்கொண்டிருந்தது.

திரையில் தொடை நாடி கறுப்புக் கோடாக இறங்கி வந்து, முழங்காலுக்கு மேலே திடீரென்று முடிந்தது. சுற்றுப்புறத்துச் சின்னக் குழாய்கள் வேர்போல் சுற்றிப்போய்க் கீழே ஒரு மெல்லிய கோட்டை உண்டாக்கியிருந்தன. இத்தனை நாளும் அந்தக் கால் உயிரோடிருந்தது அந்த வேர்களால்.

அடைப்பைத் தாண்டியதுதான் நெடுநேர வேலை. வழுக்கும் வயர் ஒன்றைக் குழாய்க்குள்ளால் அனுப்பி, முட்டி, இழுத்து, திருப்பி, திரும்ப முட்டி. இருபது நிமிஷத்துக்கு மேல் அறையில் பேச்சே இல்லை. வயர் அந்தப் பக்கம் போய்விட்டதா, அல்லது சுவருக்குள் புகுந்து நிற்கிறதா என்று சாயம் விட்டுப் பார்த்த பிறகுதான் நிபுணர் மூச்சு விட்டார். பிறகு 5 மி.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் உள்ள பலூன். கைப்பம்பைத் திருகத் திருக அழுத்தமானியில் முள் ஏறியது. 4 வளிமண்டலம், 6. திரையில் பலூனின் நடுப்பகுதி மட்டும் விரியாமல், இரண்டு பக்கமும் பருத்து நடுவில் ஒடுங்கி நின்றது. எங்கள் கோயில் சடங்குகளில் அடிக்கிற உடுக்கையின் வடிவம் அச்சாக. அந்த ஒடுக்கம்தான் நோய். 8க்கு ஏறியபோது உடுக்கையின் இடுப்பு சட்டென்று விட்டது, உடுக்கை உருளையாகிவிட்டது.

"காலுக்குள்ள இழுத்துப் பிடிக்குது" என்றார் ஐயா. நாடிச் சுவர் விரியும்போது இப்படி வலிக்கும், பலூனை இறக்கினதும் போகும். இறக்கின பிறகும் கடுமையாக வலித்தால் நாடி கிழிந்துவிட்டதா என்று உடனே பார்க்க வேண்டும். நோயாளியை விழிப்போடு வைத்திருப்பதன் பெரிய பயன் இது. மூன்று நிமிஷம் பிடித்து இறக்கினார்கள். வலி போனது.

சாயம் விட்டுப் பார்த்தால் உட்சுவரில் ஒரு மெல்லிய கிழிசல் மடிப்புத் தெரிந்தது. பலூன் விரிக்கிறது என்பதன் உண்மையான அர்த்தம் இதுதான்: கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்த உட்படையை வெடிக்கவைத்து இடம் எடுக்கிறது. சின்னக் கிழிசல் எதிர்பார்த்ததே. ஓட்டத்தை மறிக்கிற மடிப்பென்றால் ஸ்டென்ட் என்கிற உலோக வலைக்குழாய் வேண்டும். முழங்காலுக்குக் கிட்ட மடங்குகிற இடம் என்பதால், அதுவும் சம்மணம் கட்டி இருக்கிற ஆள் என்பதால், அங்கே உலோகம் வைக்க நிபுணர் விரும்பவில்லை. குறைந்த அழுத்தத்தில் இன்னொரு மூன்று நிமிஷம் பிடித்தார். மடிப்பு படிந்துவிட்டது.

கீழே பின்புற நாடிக்கு மயிர்போன்ற வயரும் 2.5 மி.மீ. பலூனும். முன்புற நாடியைத் திறக்கவும் பார்த்தார், வயர் போகவில்லை. பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டார். நல்ல ஓட்டம் ஒன்று பாதம் வரை கிடைத்துவிட்டது, சாயம் கூடினால் சிறுநீரகம் போகும், நிறுத்தத் தெரிய வேண்டும் என்றார். எனக்கு அன்று பிடித்துப்போன முடிவு அதுதான்.

இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த கதிரியக்க நிபுணர் சார்ள்ஸ் டொட்டர். 1964 தை 16 ஆம் திகதி, விரல் கறுத்த தன் காலை வெட்டவிட மறுத்த 82 வயது மூதாட்டிக்கு, பலூன்கூட இல்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாகப் பருத்த குழாய்களைச் செலுத்தித் தொடை நாடியைத் திறந்தார். அந்த மூதாட்டி பிறகு உயிரோடிருந்த காலம் முழுதும் தன் இரண்டு காலாலேயே நடந்தார். பலூனை 1974 இல் கால் நாடியில் கொண்டுவந்தவர் சூரிச்சில் இருந்த அன்ட்றியாஸ் குருன்ட்சிக். ஆரம்பப் பலூன்களைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துச் செய்தார். இருதய நாடிக்கு அது போனது 1977 இல்தான். பலூன் சிகிச்சை என்றவுடன் நம் ஆட்களுக்கு இருதயம்தான் ஞாபகம் வருகிறது, ஆனால் இது காலில் பிறந்த வைத்தியம்.

வெட்டின இடத்தில் இரத்தம்

குழாயை எடுத்துவிட்டுக் கவட்டை இருபது நிமிஷம் கையால் அழுத்திப் பிடித்தோம். ஆறு மணித்தியாலம் காலை மடக்காமல் படுக்கை. பின்னேரம் மகள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நானும் தொட்டேன். சூடு. உட்கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்தால் துடிப்பு வந்து முட்டியது.

அன்றிரவு பாதம் வீங்கி, எரிவும் இருந்தது. நெடுநாள் பட்டினி கிடந்த இடத்துக்குத் திடீரென்று இரத்தம் வந்தால் இப்படி வரும். ஐயா பயந்துவிட்டார், திரும்ப அடைத்துவிட்டது என்று. டொப்ளரை வைத்து ஒலியை அவருக்கே கேட்கவிட்டேன். முன்பு தட்டையாகக் கேட்ட காலில் இப்போது "டப்... டப்..." என்று அடித்தது. "வள்ளம் மோட்டர் ஓடுற மாதிரிக் கேக்குது" என்றார். கெண்டைக்கால் இறுகி, விரலை அசைக்க முடியாமல் வலி கூடினால் வேறு ஆபத்து. அதற்காக இரவு முழுக்க மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்த்தோம், அப்படி வரவில்லை. கிரியாற்றினின் இரண்டாம் நாள் 1.7க்கு ஏறி, ஐந்தாம் நாள் 1.5க்குத் திரும்பியது.

ஐந்தாம் நாள்தான் விரல். கறுத்த இரண்டாம் விரலை மட்டும் எடுத்தார்கள். வெட்டின விளிம்பிலிருந்து பளிச்சென்ற சிவப்பு இரத்தம் வந்தது. தியேட்டரில் இரத்தத்தைக் கண்டு சந்தோஷப்படுகிற சத்திரசிகிச்சை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பெருவிரல் புண்ணில் செத்த தோலைச் சுரண்டினார்கள், அதிலும் கசிந்தது. பெருவிரல் தப்பியது. ஏழு வாரம் முன்னே பின்னே நகராத புண், பலூன் போட்ட மூன்றாம் வாரம் ஓரங்களில் இளஞ்சிவப்பாகத் தளிர்விட்டது. பதினோராம் வாரம் மூடிவிட்டது.

பிறகு

அஸ்பிரின் 75 மி.கி., மூன்று மாதத்துக்கு அதோடு, அதுவும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் 75 மி.கி., அற்றோவஸ்ரற்றின் 40 மி.கி., இன்சுலின். பீடியை வைத்தியசாலையில் விட்டவர், ஊருக்குப் போய் இரண்டாம் மாதம் திரும்ப எடுத்தார். மகள் சொல்லித்தான் தெரியும். ஏசவில்லை. எந்த நேரத்துக்கு வேண்டும் போலிருக்கிறது என்று கேட்டேன். வயல் வரம்பில் பின்னேரம் குந்தும்போது என்றார். அந்த நேரத்தை நடைக்கு மாற்றினோம். கெண்டைக்கால் பிடிக்கும்வரை நடந்து, நின்று, வலி போனதும் திரும்ப நடக்க வேண்டும். மொத்தம் அரை மணித்தியாலமாவது, வாரத்தில் மூன்று நாளாவது. அடைத்த குழாயைச் சுற்றியுள்ள வேர்கள் அதனால் பலப்படும். நான்காம் மாதத்திலிருந்து பீடி இல்லை. இதுவரைக்கும்.

ஏழாம் மாதம் கெண்டைக்கால் பிடிப்பு திரும்ப வந்தது. ஸ்கேனில் பலூன் போட்ட தொடை நாடி பாதிக்கு மேல் திரும்பவும் சுருங்கியிருந்தது. மகன் கட்டாரிலிருந்து எடுத்து, "நீங்க சொன்ன மாதிரியே ஆயிற்றே" என்றார். ஆனால் புண் இல்லை, இரவு வலி இல்லை, காலை நீட்டிப் படுக்கிறார். தையல் நாடாவை வைத்து அளந்தேன். காலை எவ்வளவு உயர்த்த முடிந்ததோ அந்த உயரம் முழுக்க ஒலி நிற்கவில்லை. கொழும்பு நிபுணரோடு பேசி, இப்போதைக்கு இரண்டாம் தடவை பலூன் வேண்டாம், நடையும் மருந்தும் தொடரட்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்போம் என்று முடிவு. புண் திரும்ப வந்தால் அன்றே கூப்பிட வேண்டும். கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையால் போக அனுமதி கேட்டார். விறைத்த காலோடு வெறுங்காலில் விட முடியாது என்றேன். உகந்தை வரைக்கும் பஸ்ஸில் போய், மூடின செருப்போடு கோயில் வீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

போன கிளினிக்குக்குத் தனியாக வரவில்லை. கூடவே மச்சான்காரர் ஒருவர்.

"இவருக்கும் நடந்தா கெண்டைக்கால் பிடிக்குதாம் டொக்டர். வாதமெண்டு எண்ணெய் பூசிக்கொண்டு திரியிறார். செருப்பைக் கழட்டுகா, காட்டு."

அவர் கூச்சத்தோடு பாட்டாவைக் கழற்றினார். வலது பாதத்தில் துடிப்பு இருந்தது. இடது பாதத்தில் இல்லை. புண் ஒன்றும் இன்னும் வரவில்லை.